காடு தோட்டமான கதை

மடுல்சீமை மலைகளில் நாம் இன்று காணும் பசுமை பெரிதும் தேயிலையின் பசுமை, காட்டின் பசுமையன்று. இம்மாற்றத்தின் வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலமெனக் கொண்டது. உறுதி இல்லாத கிராமத்தார் காட்டை இழந்தனர். துரைமார் அதனை வாங்கினர். காடு வெட்டுண்டு, எரியுண்டு, கோப்பித் தோட்டமாயிற்று. அங்கே கோப்பி நட்ட கைகள் நம் முன்னோருடையவை. பிரேசிலின் கரையோரக் காடும் அந்நூற்றாண்டில் கோப்பிக்கே இரையாயிற்று.

1869இல் கோப்பியின் இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதற் காணப்பட்டது நம் மடுல்சீமையிலேயாம். மலை முழுவதும் ஒரே பயிராயிருந்தமையால் நோய் தடையின்றிப் பரவிற்று. சுமார் இருபதாண்டுகளிற் கோப்பி மடிந்தது. ஆனால் காடு மீளவில்லை. அவ்விடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது.

காடு நீங்கிய சரிவில் மழைநீர் மேல்மண்ணை அரித்துச் செல்கின்றது. அத்தகைய சரிவுகளிலேயே நம் லயங்கள் உள்ளன. 2014 ஒக்டோபர் 29இல், நம் மாவட்டத்து மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியதை மறத்தல் இயலுமோ?

மரம் நடுக என்கின்றனர் பெரியோர். நடுவோம். ஆயின், தோட்ட மக்களுட் பெரும்பாலோர்க்கு இன்றும் காணி உறுதி இல்லை. தமதல்லாத மண்ணில் நட்ட மரத்தை எவ்வாறு காப்பர்? காடு வளர்க்க முதலிற் காணி வேண்டும்.