சொல்லாமல் விட்ட சொல்

இப்னு ஸீனாவின் அல்கானூன் ஐந்து பாகங்களைக் கொண்டது. அதன் நான்காம் பாகம் காய்ச்சல்களைப் பற்றிய பாடத்தோடு தொடங்குகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் வருவது ஹும்மா கிப்பு, இரண்டு நாள் ஓய்ந்திருந்து வருவது ஹும்மா ரிப்உ என்று அக்கால ஹகீம்கள் தரம் பிரித்துப் பெயரிட்டனர். நம் முன்னோர் முறைக்காய்ச்சல் என்றதும் இத்தகைய காய்ச்சலையே. இப்படிப்பட்ட கிதாபுகளை நாம் மரியாதையோடு எடுத்து, கண்ணில் ஒற்றி, மீண்டும் அலமாரியில் வைத்துவிடுகிறோம். பழைய ஏட்டைப் படிப்பது எப்படி என்பதைச் சீனத்துப் பெண்மணி ஒருவரிடம் நாம் கற்க வேண்டியிருக்கிறது.

சிங்கோனாப் பட்டையிலிருந்து 1820இல் பிரித்தெடுக்கப்பட்ட கொயினா, நூறாண்டுக்கு மேல் மலேரியாவை எதிர்த்து நின்றது. 1934இல் ஜெர்மனியில் உருவான குளோரோகுயின் பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது. ஆனால் 1950களின் இறுதியில் தாய்லாந்து, கம்போடிய எல்லையிலும் கொலம்பியாவிலும் கிருமி அம்மருந்துக்குப் பணிய மறுத்தது. மருந்துக்குத் தப்பிய கிருமிகள் பெருகி, தப்பும் வல்லமையைத் தம் சந்ததிக்கு விட்டுச் சென்றன. அதே வேளையில் வியட்நாம் போர் மூண்டிருந்தது. காட்டுவழி நடந்த வடவியட்நாம் வீரர்களை மலேரியா வாட்டியது. அவர்களுக்கு உதவ, 1967 மே 23இல் சீன அரசு இரகசிய ஆய்வொன்றைத் தொடங்கியது. அந்தத் தேதியே 523 என அதற்குப் பெயராயிற்று.

1969இல் இப்பணியில் சேர்க்கப்பட்டவர் பெய்ஜிங்கின் தூ யூயூ. முனைவர் பட்டமோ வெளிநாட்டுப் படிப்போ இல்லாதவர். பழைய நூல்களையும் முதிய வைத்தியர்களையும் தேடி, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மருந்துக் குறிப்புகளைத் திரட்டி, அவற்றுள் 640ஐத் தெரிந்தெடுத்தார். அவற்றில் ஒன்று சிங்ஹாவ் என்னும் மூலிகை. நம் பூக்காரர்கள் கதம்பத்தில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்தும் அதே இனத்தைச் சேர்ந்ததே, ஆனால் வேறு செடி. அதன் வடிநீர் ஒருமுறை பயன் தந்தது, மறுமுறை ஏமாற்றியது.

காரணம் தெரியாமல் தூ யூயூ மீண்டும் ஏடுகளுக்குத் திரும்பினார். நான்காம் நூற்றாண்டில் கெ ஹொங் எழுதிய அவசர மருத்துவக் கையேட்டில், ஒரு பிடி சிங்ஹாவைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தச் சாற்றைப் பருகுமாறு கண்டிருந்தது. பிழியச் சொன்னவர் கொதிக்க வைக்கச் சொல்லவில்லையே! கஷாயம் காய்ச்சுவதே வழக்கமாயிருக்க, இதற்கு மட்டும் அடுப்பு ஏன் இல்லை? வெப்பம் அதன் குணத்தைக் கெடுக்கிறதோ என்று அவர் ஐயுற்றார். உஸூல் கலை ஓதியவர்களுக்கு இது புதிதன்று. சொல்லப்பட்டதை மட்டுமன்றி, சொல்லாமல் விடப்பட்டதையும் பார்க்கும்படி உஸ்தாதுமார்கள் நமக்குப் படித்துப் படித்துச் சொன்னார்கள். நாம் அதை எங்கே பயன்படுத்தினோம் என்பது வேறு கேள்வி.

சுமார் 35 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடும் ஈதரைக் கொண்டு அவர் சாற்றைப் பிரித்தார். 1971 அக்டோபர் 4இல், 191ஆம் எண்ணுள்ள சாறு, நோயுற்ற எலிகளின் இரத்தத்திலிருந்த கிருமிகளை முற்றாக அழித்தது. ஏட்டில் இருக்கிறதென்று அவர் அத்துடன் நம்பிவிடவில்லை. 1972இல் தாமும் தம் தோழர்களும் அதை உட்கொண்டு, தீங்கில்லை என்று கண்ட பிறகே ஹைனான் தீவில் 21 நோயாளிகளுக்குக் கொடுத்தார். பிறகு பிரித்தெடுத்த பொருளே ஆர்ட்டிமிசினின். கிருமி நம் குருதியின் ஹீமோகுளோபினைத் தின்னும்போது வெளிப்படும் இரும்பு, இம்மருந்திலுள்ள ஆக்சிஜன் பிணைப்பை உடைக்கிறது. உடைந்த துண்டுகள் கிருமியையே தாக்குகின்றன. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எந்நோய்க்கும் மருந்துண்டு என்ற கருத்துள்ள நபிமொழியை மிம்பரில் அடிக்கடி கேட்கிறோம். அதை அறிந்தவரும் அறியாதவரும் உண்டு என்று வரும் அதன் பிற்பகுதியை ஏனோ அவ்வளவாகக் கேட்பதில்லை. எல்லாம் நம் கிதாபில் உண்டென்று மார்தட்டுவோருக்கு, திரட்டிய இரண்டாயிரத்தில் கைகொடுத்தது எத்தனை என்பதும் தெரிய வேண்டும்.

கிருமியும் சும்மா இருக்கவில்லை. ஆர்ட்டிமிசினினைத் தனியே கொடுத்தால் எதிர்ப்பு விரைவில் வளரும் என்பதால், வேறொரு மருந்தோடு சேர்த்தே கொடுக்கும்படி 2006இல் உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்தியது. ஆயினும் காய்ச்சல் தணிந்ததும் மீதி மாத்திரையை அடுத்த முறைக்கென எடுத்து வைக்கும் வழக்கம் எந்த நாட்டு வீட்டில்தான் இல்லை? 2008இல் மேற்குக் கம்போடியாவில், குளோரோகுயின் தோற்ற அதே எல்லைப்புறத்தில், ஆர்ட்டிமிசினினுக்குக் கிருமி மெதுவாகவே மடிவது கண்டறியப்பட்டது. 2020இல் ருவாண்டாவிலிருந்தும் 2021இல் உகாண்டாவிலிருந்தும் எதிர்ப்புக்குச் சான்றுகள் வெளிவந்தன. அந்த 2021ஆம் ஆண்டில்தான், மலேரியா ஒழிந்த நாடு என்ற சான்றிதழ் சீனாவுக்குக் கிடைத்தது.