பங்கும் பகையும்: ‘தி லோன்சம் வெஸ்ட்’ நாடகத்தின் நிலவரலாறு

மார்ட்டின் மெக்டோனாவின் ‘தி லோன்சம் வெஸ்ட்’ நாடகத்தை, அயர்லாந்தின் மேற்குக் கரை நகரான கால்வேயில் ட்ரூயிட் நாடகக் குழு 1997 ஜூனில் முதன்முதலாக அரங்கேற்றியது. லீனேன் என்னும் சிற்றூரில் ஒரே கூரையின் கீழ் வாழும் கோல்மன், வேலீன் என்ற மணமாகாத சகோதரர்களின் ஓயாத சண்டையே கதை. தன் தலைமுடியைப் பழித்தார் என்பதற்காகத் தந்தையைக் கோல்மன் சுட்டுக் கொன்றிருக்கிறான். அது விபத்து என்று சாட்சி சொல்வதற்கு விலையாக, அவனுக்குரிய பங்கு முழுவதையும் வேலீன் எழுதி வாங்கிக்கொள்கிறான். பிறகு, அடுப்பு முதல் புனிதர் சிலைகள் வரை அனைத்திலும் தன் பெயரின் முதலெழுத்தைப் பொறித்து வைக்கிறான்.

அரங்கில் சிரிப்பை எழுப்பும் அந்த எழுத்துக்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. பெரும் பஞ்சத்துக்கு முன்பு, அயர்லாந்தின் சிறுகுடியானவர்கள் தம் குத்தகை நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது பரவலாக இருந்தது. துண்டு நிலத்திலும் குடும்பம் பிழைக்க உருளைக்கிழங்கு கைகொடுத்தது. 1845இல் அக்கிழங்கை நோய் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர், ஏறத்தாழ அதே அளவினர் நாட்டை விட்டு வெளியேறினர். அதன்பின், நிலத்தைப் பிரிக்காமல் ஒரே மகனிடம் ஒப்படைக்கும் வழக்கம் வலுப்பெற்றது. மேற்குப் பகுதிக்கு அது சற்றுப் பிந்தியே வந்தது. நிலம் கிடைக்காத பிள்ளைகள் கப்பலேறினர், அல்லது மணமின்றி உடன்பிறந்தவனின் வீட்டில் ஒண்டிக் கிடந்தனர். வாரிசுக்குமேகூட, தந்தை நிலத்தை விட்டுக்கொடுக்கும் வரை திருமணம் தள்ளிப்போனது. தந்தையைக் கொன்றுவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் இளைஞனை ஓர் ஊரே கொண்டாடும் ஜே. எம். சிங்கின் ‘தி பிளேபாய் ஆஃப் தி வெஸ்டர்ன் வேர்ல்ட்’ (1907) இந்தப் புழுக்கத்தோடு சேர்த்துப் படிக்கத்தக்கது. மெக்டோனா தம் தலைப்பை எடுத்தது அந்த நாடகத்திலிருந்துதான்.

ஆனால் மெக்டோனாவின் சகோதரர்கள் வாழ்வது வேறொரு காலத்தில். 1965ஆம் ஆண்டின் அயர்லாந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலும் துணைவியும் இன்றி இறந்தவரின் சொத்து பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரும். அதே சட்டம், கொலை செய்தவனுக்குக் கொல்லப்பட்டவரின் சொத்தில் பங்கில்லை என்றும் விதிக்கிறது. வேலீன் நீதிமன்றத்தை நாடவில்லை. சட்டம் தரும் தண்டனையைத் தன் இலாபமாக மாற்றி, பஞ்சத்துக்குப் பிந்தைய பழைய ஏற்பாட்டைத் தன் வீட்டுக்குள் மீண்டும் நிறுவுகிறான்: ஒருவன் உடைமையாளன், மற்றவன் ஒண்டுக்குடி. பஞ்சத்தின் அச்சத்தில் பிறந்த வழக்கம், பஞ்சமில்லாத வீட்டில் பேராசையின் கருவியாகிறது.

அதனால்தான் பாதிரியார் வெல்ஷின் முயற்சி தோற்கிறது. சகோதரர்கள் சமாதானமாக வேண்டும் என்று கடிதம் எழுதிவைத்துவிட்டு, அவர் ஏரியில் மூழ்கி உயிரை விடுகிறார். அவர்களும் பழைய குற்றங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறார்கள். மன்னிப்பே போட்டியாகி, இறுதியில் கோல்மன் வேலீனின் அடுப்பைச் சுட்டுத் தகர்க்கிறான். பாதிரியார் கேட்டது மனமாற்றம். அவர்களுக்கிடையே தீராமல் கிடந்ததோ பாகப்பிரிவினை.