207ஆம் இடமும் எங்கட பெடியளும்: இலங்கை உதைபந்தாட்டத்தை ஆர் கெடுத்தது?

2021 ஜூன் 5. நாடு முழுக்கப் பயணத்தடை. மன்னாரில் எங்கட வீட்டு விறாந்தையில் ஒரு போனைச் சுத்தி ஆறு பேர். தென்கொரியாவின் கோயாங் நகரில் இலங்கையும் லெபனானும் உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியில் மோதுது. டேட்டா இழுபடுது, படம் நிண்டு நிண்டு வருது. பத்து நிமிசம் ஆகேல்ல, வசீம் ராசீக் கோல் அடிச்சிட்டார். இலங்கை முன்னிலை! சித்தப்பா மட்டும் எழும்பேல்ல. "பொறு, இன்னும் எண்பது நிமிசம் கிடக்கு" எண்டார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. 3-2 தோல்வி. ஆனாலும் அண்டைக்கு இரவு ஆரும் கவலையா இருக்கேல்ல. ரெண்டு கோல் அடிச்சதே பெருமையா இருந்தது. ஒரு ரசிகன் எவ்வளவு இறங்கி வந்தா இப்பிடி ஒரு தோல்வியைக் கொண்டாடுவான் எண்டு பிறகுதான் யோசிச்சன். அந்தச் சுற்றில் கணக்கில் எடுக்கப்பட்ட ஆறு போட்டிகளில் நாங்கள் அடிச்சது அந்த ரெண்டு கோல் மட்டும்தான். வாங்கினது 23. அதில் எட்டு ஒரே இரவில் தென்கொரியாவிட்ட வாங்கினது.

அந்தச் சுற்றுக்கு நாங்கள் போனதே ஒரு விசித்திரமான கதை. 2019 ஜூனில் மக்காவ் எங்களை 1-0 எண்டு வென்றிருந்தது. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நடந்து ரெண்டு மாதம்கூட ஆகாத நேரம். பாதுகாப்புப் பயத்தில் மக்காவ் அணி அடுத்த போட்டிக்குக் கொழும்புக்கு வர மறுத்திட்டுது. பீபா எங்களுக்கு 3-0 எண்டு வெற்றி எழுதித் தந்தது. நாட்டையே உலுக்கின ஒரு பேரழிவின் பக்கவிளைவா எங்கட அணி அடுத்த சுற்றுக்குப் போனது.

மன்னாரில் பிறந்தவனுக்கு உதைபந்தாட்டத்தை விளக்கத் தேவையில்லை. பள்ளிமுனை, வங்காலை, பேசாலை, தலைமன்னார் எண்டு கரையோரமா வந்தா கோயில் இருக்கிற இடத்தில் ஒரு மைதானமும் இருக்கும். மைதானம் எண்டா புல்லுத்தரை எண்டு நினைக்க வேண்டாம், மணல்தான். தேசிய அணிப் பட்டியலில் குரூஸ், பிகிராடோ மாதிரி ஒரு பெயரைக் கண்டா "இவர் எந்த ஊர்ப் பக்கம்?" எண்டுதான் எங்கட ஆக்கள் முதலில் கேப்பினம். கிரிக்கெட்டில் இலங்கை தோத்தா ரீவியை நிப்பாட்டிப்போட்டுப் படுத்திடுவினம். உதைபந்தாட்டத்தில் தோத்தா விடியவிடியக் கதைப்பினம்.

அப்பிடிக் கதைக்கேக்க கடைசியில் வாற கேள்வி ஒண்டுதான். இவ்வளவு பேர் விளையாடுற நாடு ஏன் 2022 அளவில் தரவரிசையில் 207ஆம் இடத்துக்குப் போச்சுது? பீபாவில் இருக்கிறதே 211 நாடுகள்.

எப்பவும் இப்பிடி இருக்கேல்ல. 1950களின் முதல் பாதியில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை நாலும் விளையாடின சுற்றுப்போட்டிக்குப் பெயரே கொழும்புக் கிண்ணம். 1952இல் முதல் தடவை நடந்தது எங்கட தலைநகரில்தான். 1998இல் தரவரிசையில் 122ஆம் இடம் வரை போயிருக்கிறம். 2006 ஏஎப்சி சலஞ்ச் கிண்ணத்தில் இறுதிப் போட்டிக்குப் போய்த் தஜிகிஸ்தானிட்ட 4-0 எண்டு தோத்தம்.

எல்லாத்துக்கும் மேல 1995. கொழும்பில் நடந்த தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதிப் போட்டியில் இந்தியாவை மேலதிக நேரத்துத் தங்கக் கோலால் 1-0 எண்டு வென்றம். இலங்கை எடுத்த ஒரே தெற்காசியப் பட்டம் அது. திகதியைக் கவனிச்சுப் பாருங்கோ. அந்த இறுதிப் போட்டி ஏப்ரல் தொடக்கத்தில் நடந்தது. சந்திரிகா அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர்நிறுத்தம் ஜனவரி 8இல் தொடங்கி ஏப்ரல் 19இல் முறிஞ்சது. நாடு சண்டை பிடிக்காத அந்த நூறு நாளுக்குள்ளதான் நாடு கிண்ணம் எடுத்தது. ஒண்டால்தான் மற்றது வந்தது எண்டு நான் சொல்ல வரேல்ல, வரலாறு அவ்வளவு இலேசில்லை. ஆனால் பிறகு வந்த பதினாலு வருசத்தில் வடக்குக் கிழக்கில் எத்தினை விளையாட்டு வீரர்கள் வளராமலே போயிருப்பினம் எண்டதை எந்தத் தரவரிசையும் காட்டாது. பாஸ் எடுத்துத்தான் தீவுக்கு வெளியில போகலாம் எண்டிருந்த காலத்தில் மன்னார்ப் பெடியன் ஒருத்தன் கொழும்புக் கழகமொண்டின் தேர்வுக்குப் போறது எப்பிடி?

சரி, போரை மட்டும் குற்றம் சொல்லித் தப்பேலாது. 207ஆம் இடம் வந்தது போர் முடிஞ்சு பத்து வருசத்துக்கும் பிறகு. அதாலதான் நிர்வாகத்தைப் பத்திக் கதைக்க வேண்டிக் கிடக்கு.

சம்மேளனத்தின் கதையில் முதலில் வாற பெயர் மணிலால் பெர்னாண்டோ. ஏறக்குறைய ரெண்டு தசாப்தம் தலைவரா இருந்தவர். 1995 வெற்றியும் அவற்ற காலத்தில்தான் வந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. பிறகு ஆசிய மட்டத்துக்குப் போய், பீபாவின் நிறைவேற்றுக் குழுவிலும் இருந்தார். 2013இல் நன்னடத்தை விதிகளை மீறினார் எண்டு பீபா அவருக்கு எட்டு வருசத் தடை போட்டது. அதே வருசம் அது ஆயுள் தடையாச்சு. கண்டித் தெருவில் கடை வச்சிருக்கிற அண்ணை ஒருவர் இதை இப்பிடிச் சொல்லுவார்: "எங்கட நாட்டில இருந்து உதைபந்தாட்டத்தில உலக மட்டத்துக்குப் போனது ஒரே ஒராள். அவரும் பந்து உதைச்சுப் போகேல்ல."

ஆனால் ஒரு ஆளில் பழியைப் போட்டிட்டுப் போறது எங்களுக்கு வசதி. எனக்கு அதைவிடப் பெரிய சிக்கலாத் தெரியிறது 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம். இந்தச் சட்டத்தின்படி நாட்டுக்காக விளையாடப் போற அணிக்கு விளையாட்டுத்துறை அமைச்சரின் ஒப்புதல் வேணும். சங்கங்களைக் கலைக்கவும் இடைக்கால நிர்வாகம் போடவும் அமைச்சருக்கு அதிகாரம் இருக்கு. பீபாவின் சட்டமோ உறுப்பு நாட்டின் சம்மேளனத்தில் வெளியார் தலையிடக் கூடாது எண்டு சொல்லுது. ஒரு வீட்டில் ரெண்டு சாவி. சம்மேளனத்துக்குள்ள இருக்கிறவை தங்களுக்கு ஏலாத நேரம் அமைச்சரிட்ட ஓடுவினம். அமைச்சர் கைவச்சா மற்றப் பகுதி பீபாவுக்குக் கடிதம் எழுதும். ஐம்பது வருசமா நடக்கிற கூத்து இது. 2023இல் றக்பிக்கும் கிரிக்கெட்டுக்கும் சர்வதேசத் தடை வந்ததும் ஏறக்குறைய இதே வழியாலதான்.

உதைபந்தாட்டத்தில் அது 2023 ஜனவரியில் வெடிச்சது. ஜனவரி 14 நடந்த தேர்தலில் ஜே. ஸ்ரீரங்கா தலைவரானார். ஒரு கிழமையில், ஜனவரி 21, மூன்றாந் தரப்புத் தலையீடு எண்டு சொல்லிப் பீபா இலங்கையை இடைநிறுத்தினது. தடை நீங்கினது ஓகஸ்ட் கடைசியில். செப்டெம்பரில் திரும்பத் தேர்தல் நடந்து, 2021இல் தலைவரான ஜஸ்வர் உமர் திரும்பவும் வந்தார். இடையில் போனது ஏழு மாதம். அந்த ஜூனில் பெங்களூரில் தெற்காசியக் கிண்ணம் நடந்தது. லெபனானும் குவைத்தும் விருந்தாளிகளா விளையாடினவை. தெற்காசியாவுக்குள்ள இருக்கிற நாங்கள் வெளியில நிண்டம்.

இதில என்னைச் சுட்ட விசயம் வேற. 2022 ஓகஸ்டில் இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்கும் பீபா இதே காரணத்துக்காகத் தடை போட்டது. அது பதினொரு நாளில் நீங்கிட்டுது. ஏனெண்டா ஒக்டோபரில் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கிண்ணம் அங்க நடக்க இருந்தது. இந்தியா இல்லாட்டி நட்டப்பட ஆக்கள் இருந்தவை. நாங்கள் ஏழு மாதம் இல்லாமப் போனதில் உலகத்தில் ஒருத்தருக்கும் நட்டமில்லை. நட்டம் விளையாடுறவைக்கு மட்டும்தான். இருபத்திரண்டு, இருபத்திமூண்டு வயதில் ஒரு விளையாட்டு வீரருக்கு ஏழு மாதம் எவ்வளவு பெரிசு!

தடை வந்த நேரம் கம்பஸில் எங்கட பெடியள் கொஞ்சப் பேர் "நல்லது, பீபா வந்து துப்புரவாக்கட்டும்" எண்டவை. நானும் தலையாட்டினனான். இப்ப அப்பிடி நினைக்கேல்ல. அதுக்குக் காரணம் கடலுக்கு அங்கால இருக்கிற ஹொக்கிக் கதை. ஒலிம்பிக்கில் எட்டுத் தங்கம் எடுத்த இந்திய அணி (கடைசித் தங்கம் 1980 மொஸ்கோவில், தமிழ்நாட்டு வீ. பாஸ்கரன் தலைமையில்) 2008இல் ஒலிம்பிக்குக்குத் தகுதியே பெறேல்ல. எண்பது வருசத்தில் முதல் தடவை. அடுத்த மாதமே ஹொக்கிச் சம்மேளனத்தை ஒலிம்பிக் சங்கம் இடைநிறுத்தினது. எல்லாரும் கைதட்டினவை. நாலு வருசம் கழிச்சு லண்டனில் என்ன நடந்தது? பன்னிரண்டு அணியில் பன்னிரண்டாம் இடம். ஆக்களை மாத்தினது போதேல்ல. வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள், வருசம் முழுக்க முகாம், 2018இல் இருந்து ஒடிசா மாநில அரசின் காசு எண்டு எல்லாம் சேர்ந்த பிறகுதான் டோக்கியோவில் வெண்கலம், பிறகு 2024இல் பரிசில் இன்னொரு வெண்கலம். பன்னிரண்டாம் இடத்தில் இருந்து பதக்கத்துக்கு வர ஒன்பது வருசம்.

எங்களிட்ட அந்த அடித்தளம் இருக்கா? 2021இல் இலங்கையின் முதலாவது தொழில்முறைத் தொடர் எண்டு சுப்பர் லீக் தொடங்கினது. பத்துக் கழகம். கொழும்பு, றினௌன், ரட்ணம், புளூ ஸ்டார், ரெட் ஸ்டார்ஸ், நியூ யங்ஸ், அப் கன்ட்ரி லயன்ஸ், டிபென்டர்ஸ், சீ ஹோக்ஸ், புளூ ஈகிள்ஸ். இதில் யாழ்ப்பாணம் எங்க? மன்னார் எங்க? மட்டக்களப்பு, திருகோணமலை எங்க? வடக்குக் கிழக்கில் இருந்து ஒரு கழகம்கூட இல்லை. கடைசி மூண்டும் முறையே தரைப்படை, கடற்படை, விமானப்படை.

மிச்சக் கதை இந்த இடத்திலதான் கிடக்கு. இலங்கையில் உதைபந்தாட்டத்தை நம்பி மாதச் சம்பளத்தோட வாழ விரும்புற ஒருத்தனுக்குப் படைகளின் அணிகள்தான் உறுதியான வழி. வேலை இருக்கு, பென்சன் இருக்கு, காலையில் பயிற்சி இருக்கு. காலி, குருநாகல் பெடியனுக்கு அதில் யோசிக்க ஒண்டுமில்லை. எங்கட பக்கத்தில் அப்பிடியில்லை. முசலிப் பிரதேசத்து முள்ளிக்குளம் சனம் 2007இல் இடம்பெயர்ந்த பிறகு அந்த ஊர் கடற்படை முகாமாச்சு. 2017இல் ஒரு பகுதியை விடுறதாச் சொன்னதுக்கே சனம் ரோட்டில இருந்து போராட வேண்டி வந்தது. என்ர மச்சான் ஒருத்தன், பத்தொன்பது வயது, இடது காலால் அவன் அடிக்கிற ஃப்ரீ கிக்கைப் பாக்கக் காசு குடுக்கலாம். போன வருசம் ஒரு கோச் அவனிட்டக் கடற்படையில் சேர் எண்டு சொல்லியிருக்கிறார். அவன் வீட்டில அதைச் சொன்ன அண்டைக்கு அவன்ர அம்மம்மா இரவுச் சாப்பாடு சாப்பிடேல்ல. அவ பிறந்தது முள்ளிக்குளத்தில. அவன் பிழையா நினைச்சவன் எண்டு என்னால சொல்லேலாது. அவ பிழை எண்டும் சொல்லேலாது. இப்ப அவன் வாடியில் ஐஸ் அடிக்கிறான், ஞாயிறு மட்டும் விளையாடுறான்.

தேசிய அணி இப்ப முன்னேறுது எண்டு சொல்லுவினம். உண்மைதான். பயிற்சியாளர் அப்துல்லா அல்முதைரி வந்த பிறகு, 2024 செப்டெம்பரில் கம்போடியாவைப் பெனால்டியில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றின் கடைசிக் கட்டத்துக்குப் போனம். 2025 ஜூனில் சைனீஸ் தாய்ப்பேயை 3-1 எண்டு வென்றம். நான் கத்தின கத்தில் போர்டிங் அன்ரி வந்து கதவைத் தட்டினவ. கோல்காப்பில் சுஜான் பெரேரா, பின்களத்தில் ஜேர்மனியில் வளர்ந்த கிளோடியோ கமர்க்னெக்ட், முன்னால லண்டனில் வளர்ந்த டிலன் டி சில்வா. பெர்லினில் பிறந்த ராசீக்கில் தொடங்கின வழி இது.

எனக்கு இதில் எதிர்ப்பு இல்லை, அவையளும் எங்கட ஆக்கள்தான். ஆனால் இந்த வெற்றியில் சம்மேளனத்தின் பங்கு எவ்வளவு? ஜேர்மனியும் இங்கிலாந்தும் தங்கட காசில் வளர்த்த பிள்ளையளை நாங்கள் கடவுச்சீட்டு எடுத்துக் குடுத்துக் கூட்டி வாறம். தரவரிசை ஏறும், தலைவர்மார் மாலை போடுவினம், மணல் மைதானம் மணலாவே இருக்கும்.

"சின்ன நாடு, என்ன செய்யிறது" எண்டு சொல்லுறவைக்கு ஒரு கணக்கு. 2021 நவம்பரில் கொழும்பில் மகிந்த ராஜபக்சவின் பெயரில் நாலு நாடுகளின் கிண்ணம் நடந்தது. இறுதிப் போட்டி 3-3, பெனால்டியில் நாங்கள் தோத்தம். வென்றது சீஷெல்ஸ். அந்த நாட்டின் சனத்தொகை ஏறக்குறைய ஒரு லட்சம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மன்னார் மாவட்டத்தின் சனத்தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அண்டைக்கும் சித்தப்பா பக்கத்தில இருந்தவர். கடைசிப் பெனால்டி முடிஞ்ச உடன, "அப்ப நாங்கள் தனிய ஒரு ரீம் இறக்கிப் பாக்கலாம் போல" எண்டார். பகிடிக்குத்தான் சொன்னவர். வங்காலையில ஆர் கோலி, பேசாலையில ஆர் பின்களம், பள்ளிமுனையில ஆரை முன்னுக்கு விடுறது எண்டு பதினொரு பேரை எழுதி முடிக்க இரவு ஒரு மணி ஆச்சு. மச்சானுக்கு இடதுபக்க விங்.