கடைசி வீட்டுக்கு வந்த டிஷ்

1976ஆம் ஆண்டு. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் சான் ஆண்ட்ரியாஸ் என்கிற சிற்றூர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டெய்லர் ஹோவர்டு, மற்றவர்கள் கழித்துக்கட்டிய பாகங்களைத் தேடிச் சேர்த்துத் தன் வீட்டில் ஒரு டிஷ் கட்டினார். கேபிள் நிறுவனங்களுக்கென்று செயற்கைக்கோளிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த படங்கள் அவர் வீட்டு டிவியிலும் ஓடத் தொடங்கின. நாணயமான மனிதர். ஓசியில் பார்ப்பது உறுத்தியிருக்க வேண்டும். அந்தப் படங்களை அனுப்பிய ஹெச்பிஓ நிறுவனத்துக்கு 100 டாலருக்குக் காசோலை எழுதி அனுப்பினார். காசோலை திரும்பி வந்துவிட்டது. பெரிய கேபிள் நிறுவனங்களோடுதான் வரவுசெலவு, தனி வீடுகளோடு கிடையாது என்பது பதில்.

இன்றைக்குக் கம்பி எட்டாத கிராமத்து வீட்டிலும் கூரைமேல் ஒரு தகட்டை வைத்து நெட் வாங்கிவிடுகிறார்கள். அந்தத் தகடு பிறந்த கதை நெடுக அந்தக் காசோலையின் கதைதான். சிக்னல் எல்லார் கூரையிலும் விழும். அனுப்புகிறவர் கணக்கில் மட்டும் அந்தக் கூரை இருக்காது.

யோசனை பழையது. 1945 அக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ என்ற இங்கிலாந்துப் பத்திரிகையில் ஆர்தர் சி. கிளார்க் ஒரு கட்டுரை எழுதினார். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு நிலையத்தை வைத்தால், பூமி சுழலும் அதே வேகத்தில் அதுவும் சுற்றும். கீழிருந்து பார்க்கிறவருக்கு நகராமல் நிற்பதுபோல் தெரியும். மூன்றே நிலையங்கள் இருந்தால் உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்றார். 1964இல் சின்காம் 3 என்ற செயற்கைக்கோள் அப்படிப் போய் நின்றது. அடுத்த ஆண்டு ‘ஏர்லி பேர்ட்’ அட்லாண்டிக் கடலைத் தாண்டி டெலிபோன் பேச்சைக் கொண்டுபோனது.

மேலே போனது சின்னஞ்சிறு கோள். அதன் சிக்னல் கீழே வந்து சேரும்போது இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்கு மெலிந்திருக்கும். அதைப் பிடிக்க இங்கிலாந்தின் கூன்ஹில்லியில் கட்டிய டிஷ்ஷின் விட்டம் கிட்டத்தட்ட 26 மீட்டர். எட்டு மாடிக் கட்டடத்தைப் படுக்கவைத்தால் என்ன நீளமோ அது. வீட்டுக்கு வரவேண்டுமானால் கணக்கைத் தலைகீழாக்க வேண்டும். மேலே இருப்பது பெரிதாக வேண்டும். அப்போதுதான் கீழே இருப்பது சிறுக்கும்.

அதைப் பெரிய அளவில் செய்துகாட்டிய இடம் இந்தியக் கிராமம். நாசாவின் ஏடிஎஸ்-6 கோள் விண்ணில் போய்க் குடைபோல் விரிந்த 9 மீட்டர் ஆன்டெனாவைக் கொண்டது. அதை ஓராண்டுக்கு இந்தியா கடன் வாங்கியது. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் ஆகிய ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு அதன்வழி டிவி நிகழ்ச்சி வந்தது. அங்கே நட்ட டிஷ்ஷின் விட்டம் 3 மீட்டர். தகடு கிடையாது; கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பிவலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியதுதான். ரேடியோ அலையின் நீளத்தைவிட வலையின் கண் சிறிதாக இருந்தால் போதும், அலைக்கு அது முழுத்தகடு மாதிரியே. விலையும் குறைவு, காற்றும் உள்ளே புகுந்து போய்விடும். அப்போது கொழும்பில் குடியிருந்த கிளார்க்கின் வீட்டிலும் இஸ்ரோ ஒரு டிஷ்ஷை நிறுவிக் கொடுத்தது. முப்பது ஆண்டுக்கு முன் எழுதியதை அவர் தன் வீட்டுக் கூடத்திலேயே பார்த்தார்.

ஆண்டு முடிந்தது. கடன் வாங்கிய கோள் நகர்ந்து போனது. ஹோவர்டுக்கு முன்பே செயற்கைக்கோள் டிவி பார்த்துவிட்ட அந்தக் கிராமங்களில் திரை இருண்டது. சோதனை வெற்றி என்று எல்லா அறிக்கையும் சொல்லும். சோதனை முடிந்த மறுநாள் சாயங்காலம் டிவி முன்னால் வந்து உட்கார்ந்தவர்களைப் பற்றி எந்த அறிக்கை சொல்லும்?

இதெல்லாம் கேட்கிற டிஷ். பேசுகிற டிஷ் இனிமேல்தான். சின்ன டிஷ்ஷிலிருந்து போகிற மெல்லிய சிக்னலைக் கோள் வாங்கி, ஒரு மையத்தில் இருக்கிற பெரிய டிஷ்ஷிடம் கொடுக்கும். பதில் அங்கிருந்து அதே வழியில் திரும்பும். இந்த ஏற்பாட்டைப் பெரிய அளவில் முதலில் வாங்கிய நிறுவனங்களில் ஒன்று அமெரிக்கக் கடைத்தொடரான வால்மார்ட். அந்த நிறுவனத்தின் கடைகள் அப்போது பெரும்பாலும் சின்ன ஊர்களில் இருந்தன. நல்ல டெலிபோன் கம்பி எல்லா இடத்துக்கும் போகவில்லை. 1987இல் தன் கடைகளையெல்லாம் செயற்கைக்கோளால் இணைத்து முடித்தது. அன்றைய விற்பனைக் கணக்கு ஆர்கன்சாவிலுள்ள தலைமையகத்துக்குப் போகும், கிரெடிட் கார்டுக்கு அனுமதி வரும், முதலாளி சாம் வால்டன் ஒரே நேரத்தில் எல்லாக் கடை ஊழியரிடமும் பேசுவார். கடைக்கூரையில் டிஷ். கடைக்குப் பின்னால் நாலு மைல் தள்ளி இருந்த பண்ணைவீட்டில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு விண்வழி நெட் 1996இல் வந்தது. ஹியூஸ் நிறுவனத்தின் டைரக்பிசி. அதில் ஒரு வேடிக்கை உண்டு. இறங்குவதுதான் விண்ணிலிருந்து, நாம் கேட்பது டெலிபோன் கம்பிவழியே போகவேண்டும். ஆக டெலிபோன் இல்லாத வீட்டுக்கு இது உதவாது. இருக்கிற வீட்டிலும் ஒருவர் நெட்டில் உட்கார்ந்தால் மற்றவர் போனைத் தொடக்கூடாது. இரண்டு திசையும் விண்வழியே போகிற சேவை 2000, 2001இல்தான் அமெரிக்க வீடுகளுக்கு வந்தது. நிறுவுவதற்கு ஆள் வருவார். தெற்கு வானத்தில் ஒரே ஒரு புள்ளியை நோக்கி டிஷ்ஷைத் திருப்பி, நட்டை முக்கால் இறுக்கி, மீட்டரைப் பார்த்து, மயிரிழை நகர்த்தி, மறுபடி இறுக்குவார். அந்தத் திசையில் ஒரு மரம் இருந்தால் மரம் போகவேண்டும், அல்லது டிஷ் வேறு சுவருக்குப் போகவேண்டும்.

இவ்வளவும் செய்து வந்த நெட்டோடு மனிதர் குடித்தனம் நடத்தியது எப்படி என்பதைச் சொல்லாமல் விட முடியாது. கோள் இருக்கிற தூரம் 35,786 கிலோமீட்டர். ஏறி இறங்கினால் எழுபதாயிரத்துச் சொச்சம். ஒளியின் வேகத்தில் போனாலும் கால் விநாடி பிடிக்கும். நாம் கேட்பதற்கு ஒரு கால், பதிலுக்கு ஒரு கால், ஆக அரை விநாடி. இடையிலுள்ள கருவிகள் தங்கள் பங்குக்கு எடுப்பதையும் சேர்த்தால் இன்னும் கூடும். எந்தப் பொறியாளராலும் இதைக் குறைக்க முடியாது. அரை விநாடி என்றால் சின்ன விஷயமாகத்தான் படும். வீடியோவில் பேசிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். பேத்தி பேசி முடித்துவிட்டாள் என்று பாட்டி வாயெடுப்பார், அதற்குள் பேத்தியின் அடுத்த வாக்கியம் வந்து மோதும், இரண்டு பேரும் நிறுத்துவார்கள், இரண்டு பேரும் மறுபடி ஒன்றாகத் தொடங்குவார்கள். ஒரு இணையப் பக்கம் திறக்கவேண்டுமானால் கணினி ஒரு தடவை கேட்டு நிறுத்துவதில்லை. முகவரி எங்கே, கதவைத் திற, பூட்டைச் சரிபார், படத்தைக் கொடு என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் அரை விநாடி. வேகம் என்று விளம்பரத்தில் போட்ட எண் பொய்யில்லை, பெரிய கோப்பு வேகமாகத்தான் இறங்கும். பக்கம் மட்டும் முக்கி முக்கித்தான் திறக்கும்.

அளவு வேறு. ஒரு கோளின் கொள்ளளவை அத்தனை வீடும் பங்குபோட வேண்டும், அதனால் ரேஷன். அளவைத் தாண்டினால் நெட் ஊரத் தொடங்கிவிடும். பின்னிரவில் சில மணி நேரம் கணக்கில்லாமல் விட்ட சேவைகள் உண்டு. பெரிய கோப்பை இரவு இரண்டு மணிக்குமேல் இறங்கும்படி அமைத்துவிட்டுத் தூங்கப்போவது அமெரிக்கக் கிராமங்களில் ஒரு வழக்கமாகவே இருந்தது. 2011இல் போன வையாசாட்-1 போன்ற கோள்கள் நாட்டைச் சிறு சிறு வட்டங்களாகப் பிரித்துக் கொள்ளளவைப் பல மடங்கு கூட்டின. அரை விநாடி அரை விநாடியாகவே இருந்தது.

தூரத்தைக் குறைத்தால் நேரம் குறையும், இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தாழப் பறக்கிற கோள் ஓரிடத்தில் நிற்காது. தலைக்கு மேலே சில நிமிடத்தில் கடந்து மறையும். நூற்றுக்கணக்கில் கோள்கள் வேண்டும், அவற்றைத் துரத்திப் பிடிக்கிற ஆன்டெனா வேண்டும். 1994இல் பில் கேட்ஸும் தொழிலதிபர் கிரெய்க் மெக்காவும் பணம் போட்ட டெலிடெசிக் நிறுவனம் 840 கோள் என்று அனுமதி கேட்டது, பிறகு 288 என்று இறங்கிவந்தது, 2002இல் கடையைக் கட்டியது. 66 கோளோடு 1998 நவம்பரில் போன் சேவை தொடங்கிய இரிடியம் அடுத்த ஆகஸ்டிலேயே திவால். தாழப் பறக்கிற கோள்வழி நெட்டுக்கு ராக்கெட்டின் செலவும் ஆன்டெனாவின் விலையும் பெரிய தடையாக நின்றன. வானத்தில் நகர்வதைத் தான் அசையாமலே பின்தொடர்கிற ஆன்டெனா அன்றைக்குப் போர்க்கப்பலுக்கும் போர்விமானத்துக்கும்தான் கட்டுப்படி.

அந்த இரண்டு விலையும் இறங்கிய கதைதான் மிச்சம். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 2015 டிசம்பரில் ராக்கெட்டின் கீழ்ப்பகுதியைப் பத்திரமாகத் தரையிறக்கியது, 2017இல் ஏற்கெனவே பறந்த ஒன்றை மறுபடி ஏவியது. 2019 மே மாதம் அதன் நெட் சேவைக்கான 60 ஸ்டார்லிங்க் கோள்கள் ஒரே கட்டாக மேலே போயின. 550 கிலோமீட்டர் உயரம். பழைய உயரத்தில் அறுபத்தைந்தில் ஒரு பங்கு. காத்திருப்பு அரை விநாடியிலிருந்து மில்லிவிநாடிக் கணக்குக்கு இறங்கியது. 2020 அக்டோபரில் பொதுமக்களுக்குச் சோதனைச் சேவை தொடங்கியபோது கருவி 499 டாலர், மாதம் 99 டாலர். அந்தக் கருவியைச் செய்ய முதலில் 3,000 டாலர் அடக்கம் என்று நிறுவனத்தின் தலைவரே பிறகு சொன்னார். பெட்டி ஒன்றுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு டாலர் நஷ்டத்துக்கு விற்றால்தான் வீட்டுக்குள் நுழைய முடிந்தது.

உள்ளே என்ன இருக்கிறது? அந்த முதல் வட்டத்தகட்டின் மேல்தோலை எடுத்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொடி ஆன்டெனாக்கள் வரிசையாக. ஒவ்வொன்றும் அலையைக் கொஞ்சம் முன்பின்னாக விடும். எல்லாம் சேரும்போது கற்றை ஒரு திசைக்குச் சாயும். தகடு அசையாது, கற்றைதான் கோளைத் தொடரும். 15 விநாடிக்கு ஒருமுறை எந்தக் கோளோடு பேசுவது என்று புதிதாக ஏவல் வரும். முதல் பயனாளிகளில் வாஷிங்டன் மாநிலத்தின் ஹோ பழங்குடியினர் உண்டு. காட்டுத்தீயில் எரிந்துபோன மால்டன் என்ற சிற்றூரில் மீட்புப் பணியாளர்களும் அதை வைத்து வேலை பார்த்தார்கள்.

இந்த இடத்தில் கணக்கு கிராமத்துப் பக்கம் சாய்ந்தது என்பது என் எண்ணம். நிற்கிற கோளை நகரத்தை நோக்கி வைக்கலாம். ஓடுகிற கோளுக்கு அந்த வசதி இல்லை. கடல், பாலைவனம், மலை, வயல் எல்லாவற்றின் மேலும் அது போயே தீரவேண்டும். ஒரு வட்டாரத்துக்குக் கிடைக்கிற கொள்ளளவு இவ்வளவுதான் என்பதால், நெருக்கமான ஊரில் கொஞ்சம் பேர் வாங்கினாலே மூச்சுத்திணறும். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கிற இடம்தான் அதற்குத் தோது. கம்பி இழுக்கிறவருக்கு எந்த வீடு நஷ்டமோ, அந்த வீடு இதற்கு நல்ல வாடிக்கையாளர்.

மாறிக்கொள்கிறவர்களுக்குச் சிக்கல் வேறு ரூபத்தில் வருகிறது. பழைய டிஷ்ஷுக்குத் தெற்கே ஒரு சந்து வானம் போதும். இதற்கு வானம் அகலமாக வேண்டும். போன் கேமராவை மேலே காட்டிச் சுற்றிவந்தால் எந்தக் கிளை மறைக்கிறது என்று செயலி சிவப்பில் காட்டும். பனியைக் கரைக்கச் சூடாகிற தகட்டின் மேல் பூனை ஏறிப் படுத்துக்கொண்ட படங்களும் உலகம் சுற்றின. சிரிப்புக்கு அது. கவலைக்கு, இந்தக் கோள்களின் ஆயுள் ஐந்து ஆண்டுதான், ஏவிக்கொண்டே இருக்கவேண்டும். வானியலாளர்களின் படங்களில் கோடு விழுகிறது. எங்கோ இருக்கிற ஒரே நிறுவனத்தின் கையில் ஊரின் நெட் மொத்தமும் போய்ச் சேருகிறது. ஃபைபர் வாசலுக்கு வருமானால் யோசிக்காமல் அதைத்தான் வாங்கவேண்டும்.

இலங்கையில் 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் சேவை தொடங்கியது. இந்தியாவில் 2025 ஜூனில் உரிமம் கிடைத்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அலைக்கற்றைக் கட்டணத்தைப் பற்றிப் பரிந்துரை செய்தது. வருவாயில் 4 சதவீதம் அரசுக்கு; தாழப் பறக்கிற கோள்களின் சேவையை வாங்குகிற நகர்ப்புறச் சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் நிறுவனம் ஆண்டுக்கு 500 ரூபாய் கூடுதலாகக் கட்டவேண்டும். கிராமப்புறச் சந்தாதாரருக்கு அந்தக் கூடுதல் இல்லை.