கையில் ஒரே ஒரு குண்டு... பையில் என்னென்ன இருக்கணும்? அமெரிக்காவின் 'ஃப்ளின்ட்லாக்' மான் வேட்டை: ஒரு விளக்கம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், டிசம்பர் 26-ம் தேதி, வித்தியாசமான ஒரு மான் வேட்டை சீசன் தொடங்கும். நவீன ரைஃபிளுக்கு இதில் இடமில்லை. சக்கிமுக்கிக் கல்லில் தீப்பொறி கிளப்பிச் சுடும் பழைய காலத் துப்பாக்கிதான் அனுமதி. 1974-ல் தொடங்கிய இந்த சீசன் இன்றும் நடக்கிறது.

ஒரு முறை சுட்டால், அடுத்த முறை சுட அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். பனி கொட்டும் காட்டில், விறைத்துப்போன விரல்களோடு, இந்தத் துப்பாக்கிக்கு எதை எடுத்துப்போவது, எதை வீட்டிலேயே வைப்பது? பார்க்கலாம்.

மஸில்லோடர் என்றால் என்ன?

குழலின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் போட்டு, குச்சியால் கெட்டித்துச் சுடும் துப்பாக்கிதான் மஸில்லோடர். நம்மூரில் 'நாட்டுத் துப்பாக்கி' என்று சொல்வதில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

இதில் பழைய ரகம் ஃப்ளின்ட்லாக். விசையை இழுத்ததும், கல்லைக் கவ்வியிருக்கும் சுத்தியல் இரும்புத் தகட்டில் மோதும். அந்தப் பொறி பக்கத்தில் உள்ள சின்னக் கிண்ணத்தில் விழும். கிண்ணத்து மருந்து பற்றி, சிறு துளை வழியாகக் குழலுக்குள் தீ போகும். அப்புறம்தான் குண்டு கிளம்பும்.

கிண்ணத்தில் மட்டும் தீப்பற்றி, குண்டு கிளம்பாமல் போவதும் உண்டு. ஆர்ப்பாட்டமாகத் தொடங்கிப் புஸ்வாணமாகும் விஷயத்தை ஆங்கிலத்தில் 'ஃப்ளாஷ் இன் த பேன்' என்பார்கள். அந்தப் பேச்சு வந்தது இங்கிருந்துதான்.

பென்சில்வேனியா விதிப்படி, துப்பாக்கி 1800-க்கு முன் செய்ததாகவோ, அதே மாதிரியில் புதிதாகச் செய்ததாகவோ இருக்க வேண்டும். குழலின் விட்டம் 0.44 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஸ்கோப் பொருத்தக் கூடாது.

ஏன் குறைவான பொருட்கள்?

காரணம் மூன்று. பனியில் மலையேறி நடக்க வேண்டும். பைக்குள் பொருட்கள் உரசும் சத்தம் கேட்டாலே மான் ஓடிவிடும். கைவிரல் மரத்துப்போன நேரத்தில், இருபது பொருளுக்கு நடுவே ஒன்றைத் தேடுவது ரொம்பக் கஷ்டம்.

அந்தக் கால வேட்டைக்காரர்கள் தோளில் மாட்டிய தோல் பைக்கு 'பாஸிபிள்ஸ் பேக்' என்று பெயர். இன்றைக்கும் பலர் அதே மாதிரி சின்னப் பைதான் வைத்திருக்கிறார்கள்.

பையில் இருக்க வேண்டியவை

* அளந்து வைத்த மருந்து, குண்டு: நாலைந்து முறை சுடத் தேவையானது போதும். முழு டப்பா வேண்டாம். ஒருமுறைக்கான மருந்தையும் குண்டையும் சேர்த்து அடைக்கும் பிளாஸ்டிக் குழாய்கள் கடையில் கிடைக்கும். 0.50 அங்குலத் துப்பாக்கிக்கு 0.490 அங்குல ஈய உருண்டை போடுவார்கள். எடை சுமார் 11.5 கிராம்.
* எண்ணெய் தோய்த்த பருத்தித் துணி வட்டுகள்: குண்டைச் சுற்றி இறுக்கமாக உட்கார வைக்க. சில கூடுதல் துண்டுகள் இருந்தால் குழலைத் துடைக்கவும் ஆகும்.
* கிண்ணத்துக்கான நைஸ் மருந்து: சின்னக் குப்பியில், தனியாக.
* உபரி சக்கிமுக்கிக் கல் ஒன்று: கல் மழுங்கினால் பொறி வராது. மாற்ற ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரும் வேண்டும்.
* மெல்லிய கம்பியும் சிறு பிரஷும்: தீத்துளையும் கிண்ணமும் கரியால் அடைத்துக்கொள்ளும். குத்திச் சுத்தம் செய்ய.
* குண்டை முதலில் அழுத்தும் குட்டைக் கட்டை: துணியோடு சேர்ந்த குண்டு குழல் வாயில் லேசில் இறங்காது.
* சுடாமலே குண்டை வெளியேற்றும் கருவி: கார்பன் டை ஆக்ஸைடு வாயு அழுத்தத்தில் வேலை செய்யும் சின்னக் கருவி. மருந்து நனைந்துவிட்டால் இதுதான் கைகொடுக்கும்.

இதோடு வேட்டை உரிமம், மானில் கட்ட வேண்டிய டேக், கத்தி, மானை இழுக்கக் கயிறு, டார்ச், தண்ணீர், போன். அவ்வளவுதான்.

ஈரம்தான் முதல் எதிரி

கருமருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் துப்பாக்கியின் பொறி பாகத்தை மூட, மெழுகு தடவிய தோல் உறை ஒன்று வைத்திருப்பார்கள். இதற்கு 'மாட்டு முழங்கால்' என்று வேடிக்கையான பெயர். மழையோ பனியோ இருந்தால், கிண்ணத்து மருந்தை அடிக்கடி கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுவார்கள்.

எடையைக் குறைக்கலாம், இவற்றைக் குறைக்கக் கூடாது

1. அளவைக் குப்பி: பெரிய மருந்துக் கொம்பிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டுவது உயிருக்கே ஆபத்து. முன்பு சுட்டதன் கங்கு உள்ளே மிச்சமிருந்தால், கையிலிருக்கும் கொம்பே வெடிக்கும். அளந்து தனியே எடுத்துத்தான் ஊற்ற வேண்டும்.

2. குச்சியில் ஒரு கோடு: கெட்டிக்கும் குச்சியில், குண்டு சரியாக இறங்கியதும் எந்த இடம் வரை உள்ளே போகிறது என்று கோடு போட்டு வைப்பார்கள். கோடு வெளியே உயர்ந்து தெரிந்தால் குண்டு முழுதாக இறங்கவில்லை, அல்லது இரண்டு முறை மருந்து போட்டாச்சு என்று அர்த்தம். அப்படியே சுட்டால் குழல் வெடிக்கலாம். எடையே இல்லாத, செலவே இல்லாத பாதுகாப்பு இது.

3. கண்ணாடி: கிண்ணத்தில் பற்றும் தீ, முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில்தான்.

4. பொறுமை: விசை இழுத்தும் வெடிக்கவில்லையா? ஒரு நிமிடமாவது குழலை ஆபத்தில்லாத பக்கம் நீட்டியபடியே நிற்க வேண்டும். தாமதமாகவும் வெடிக்கும்.

இன்னொன்று: நவீனத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை இதில் போடவே கூடாது. அதன் அழுத்தத்தை இந்தக் குழல் தாங்காது.

எதை விட்டுவிட்டுப் போகலாம்?

குண்டு வார்க்கும் அச்சு, பெரிய மருந்துக் கொம்பு, முழு சுத்தம் செய்யும் பெட்டி, இரண்டு மூன்று கத்திகள் எல்லாம் வீட்டில் இருக்கட்டும். ஆனால் அன்றைக்கு இரவே வெந்நீரும் சோப்பும் போட்டுக் குழலைக் கழுவியாக வேண்டும். விட்டால் கரி ஈரத்தை இழுத்துத் துரு ஏறும்.

ஒரே குண்டு, ஒரே வாய்ப்பு

ஸ்கோப் இல்லாத இந்தத் துப்பாக்கியில், உருண்டைக் குண்டை 100 கஜத்துக்கு மேல் நம்ப முடியாது. பலர் 75 கஜத்திலேயே நிறுத்திக்கொள்வார்கள். குறி தப்பிக் காயம்பட்ட மான், அடுத்த குண்டு போடும் முன் காட்டுக்குள் மறைந்துவிடும். அதனால் சந்தேகம் இருந்தால் சுடாமல் விடுவதுதான் அங்கே நல்ல வேட்டைக்காரனுக்கு அடையாளம்.

இந்தியாவில்?

இங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மான் உள்ளிட்ட காட்டு விலங்குகளை வேட்டையாடுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். உரிமம் இல்லாமல் நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பதும் 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம்தான். பென்சில்வேனியாவில் சீசன், உரிமம், டேக் என எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. அந்தக் கணக்குக்குள் நடப்பதால்தான் அங்கே அது வேட்டை.