பெட்டி இல்லாத புதையல்... செஞ்சி பக்கம் ஒரு 'கல்' வேட்டை போலாமா?

செஞ்சிக் கோட்டைக்குப் போனா என்ன பண்ணுவோம்? மூச்சு வாங்க ராஜகிரி ஏறி, நாலு செல்ஃபி எடுத்துட்டு இறங்கிடுவோம். இந்த முறை காலுக்குக் கீழே இருக்கிற கல்லையும் கொஞ்சம் பாருங்க மக்களே!

ஜியோகேச்சிங்னா என்ன?

ஜி.பி.எஸ் வெச்சு ஆடும் புதையல் வேட்டை. 2000-ம் ஆண்டு மே 3-ம் தேதி, அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை மறைத்துவைத்து, அந்த இடத்தின் ஜி.பி.எஸ் எண்களை இணையத்தில் போட்டார். அதுதான் ஆரம்பம். இதில் 'எர்த்கேச்' என்று ஒரு வகை உண்டு. அதில் பெட்டியே கிடையாது. சொன்ன இடத்துக்குப் போய், அங்குள்ள பாறையைப் பார்த்துக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க வேண்டும். தொல்லியல் சின்னங்கள் நிறைந்த செஞ்சிக்கு இந்த வகைதான் சரி. நண்பர்கள் சேர்ந்து நீங்களே ஆடலாம். நாலு ஸ்டாப் இதோ...

1. ராஜகிரி

2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலில் இடம்பிடித்த 12 மராட்டியக் கோட்டைகளில் செஞ்சியும் ஒன்று. இங்குள்ள கிரானைட்டில் கண்ணாடி போலத் தெரிவது குவார்ட்ஸ். வெள்ளை அல்லது இளஞ்சிவப்பில் தட்டையாக மின்னுவது ஃபெல்ட்ஸ்பார். அமெதிஸ்ட் குவார்ட்ஸ் வகை. காங்கேயத்தில் கிடைக்கும் மூன்ஸ்டோன் ஃபெல்ட்ஸ்பார் குடும்பம். கேள்வி: பாறையில் எது அதிகம்? (குரங்குகள் ஜாஸ்தி, போன் பத்திரம்!)

2. திருநாதர்குன்று

ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர் சிற்பங்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியர் பற்றிய பழைமையான தமிழ்க் கல்வெட்டும் இங்கேதான். கேள்வி: இத்தனை நூற்றாண்டு மழை, வெயிலில் எழுத்து அழியாதது ஏன்? (க்ளூ: கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7.)

3. மேல்சித்தாமூர்

தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் உள்ள ஊர். மலைநாதர் கோயிலில் பாகுபலி, பார்சுவநாதர் எல்லாம் ஒரே குண்டுப்பாறையில் செதுக்கப்பட்டவர்கள். வழிபாட்டு இடம் என்பதால் அனுமதி கேட்டுட்டுப் போங்க. சிற்பத்தைத் தொட வேண்டாம். கேள்வி: பாறையின் மணிகள் ராஜகிரியில் பார்த்ததைவிடப் பெருசா, சின்னதா?

4. திருவக்கரை

திண்டிவனம் தாண்டிப் போனால் தேசியக் கல்மரப் பூங்கா. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள், கல்லாகக் கிடக்கின்றன. மண்ணில் புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கலந்த நீர் ஊறி, மரத்தின் இடத்தை சிலிக்கா பிடித்துக்கொண்டது. குவார்ட்ஸும் அதே சிலிக்காதான்! கேள்வி: மரங்களில் கிளையோ வேரோ ஏன் இல்லை? (பதில்: இவை இங்கே வளர்ந்தவை அல்ல, ஆறு அடித்து வந்தவை.)

ரூல் ஒண்ணே ஒண்ணு!

எதையும் எடுக்காதீங்க, கிறுக்காதீங்க. 'சின்னத் துண்டுதானே'ன்னு ஆளுக்கு ஒண்ணு பாக்கெட்ல போட்டா, 2 கோடி வருஷம் தாங்கின மரம் நம்ம காலத்திலேயே காணாமப்போயிடும். திருவக்கரையைச் சுற்றி கல்குவாரிகளும் நிறைய. அந்தப் பக்கம் ஒரு குன்று ஜல்லியாகிப் போனா திரும்ப வளராது.

கல் அங்கேயே இருக்கட்டும். போட்டோவும் பதிலும் நம்ம போன்ல இருந்தா போதும். அடுத்த வாரம் இன்னொரு கேங் வந்து தேடணும்ல!