கைசிகமும் இருபத்திரண்டு அலகும்: திவ்யப் பிரபந்த இசை மரபில் ஓர் ஆய்வு

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் திருமுக்கூடல். காணும் பொங்கலை ஒட்டிய பார்வேட்டை உற்சவத்தில், காஞ்சி வரதன் பழையசீவரத்து மலையேறித் திருவாராதனம் கண்டருளியபின் ஆற்றைக் கடந்து இங்கே எழுந்தருளுகிறான். அப்பன் வேங்கடேசப் பெருமாள் ஸந்நிதியில் சுற்றுவட்டத்துப் பெருமாள்களும் கூடிச் சேவை ஸாதிக்கிற அந்நாளில், கோஷ்டியின் பிரபந்த ஒலியைக் கேட்பார்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. இன்று நாம் அநுஸந்திப்பது இயலா, இசையா? இசையாயின், நாதமுனிகள் வகுத்த அவ்விசை எங்கே போயிற்று?

இக்கோயிலின் சுவரிலேயே இவ்வினாவுக்கு ஒரு முன்னுரை பொறிக்கப்பட்டிருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டப்பட்ட நெடிய கல்வெட்டு, ஜனநாத மண்டபத்தில் நடந்த வேதபாடசாலையையும் மாணவர் விடுதியையும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையையும் விவரிக்கிறது. ருக்வேதமும் யஜுர்வேதமும் வியாகரணமும் கற்பித்தோர்க்கு நாள்தோறும் எவ்வளவு நெல், விளக்கெரிக்க எவ்வளவு எண்ணெய், ஆதுலசாலையில் எவ்வெம் மருந்துகள் என்பனவெல்லாம் அதில் நுணுக்கமாகக் கணக்கிடப்பட்டுள்ளன. அந்நூற்றாண்டின் முற்பகுதியில், எண்ணாயிரத்தில் முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு திருவாய்மொழி விண்ணப்பம் செய்வார் நால்வர்க்கு நிவந்தம் வைத்தது. ஓதுவோர்க்குரிய நெல்லை அளந்த கல், அவர்கள் ஓதிய குரலின் ஏற்ற இறக்கத்தை அளக்கவில்லை. அது கல்வெட்டின் தொழிலன்று. குருமுகமாகக் கேட்டுக் கொள்ள வேண்டியது என்பதே அக்காலத்தார் கருத்து.

கேட்டறிதல் என்பதில் நம் ஸம்பிரதாயத்தின் மூலபுருஷரே முதல் சான்று. குருபரம்பரை கூறும் வரலாறு யாவரும் அறிந்தது. தேவகானம் பாடிய ஒருத்தியின் பெருமையை அரசவை அறியாது மனுஷ்ய கானத்தையே மெச்சியது. வீரநாராயணபுரத்துப் பெருமாள் முன் அவள் பாடக் கேட்டு நாதமுனிகள் உகந்தார். வியந்த அரசன் காரணம் வினவ, பல தாளங்களை ஒருசேர ஒலிப்பித்து, ஒவ்வொன்றின் எடையையும் ஒலியைக் கொண்டே அவர் கூறினார். இதனைத் திருவருளின் அற்புதமாக மட்டும் கொள்வாருளர். ஆயினும் இதில் ஓர் இசையியல் உண்மையும் பொதிந்திருக்கிறது. வெண்கலத் தாளத்தின் எடை வேறுபடின் ஒலியின் உயரம் வேறுபடும். சிறு வேறுபாட்டைப் பிரித்தறியும் செவியே ஒரு கானத்தை மற்றொன்றினின்று பிரிக்க வல்லது. அச்செவியுடையார்தாம் முதலாயிரத்தையும் பெரிய திருமொழியையும் திருவாய்மொழியையும் இசையாகவும், இயற்பாவை இயலாகவும் வகுத்து, மருமக்களான கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் உபதேசித்தருளினார்.

அவர் செவிக்கு எட்டிய நுண்மையைத் தமிழிசை நூலார் ‘அலகு’ என்றும் ‘மாத்திரை’ என்றும் வழங்கினர். சிலப்பதிகார உரைகளின்படி குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. ஆக 22 அலகு. வடமொழியில் பரதர் கூறும் ஸ்ருதிகளும் 22 ஆகும். இவ்வெண் எவ்வாறு எழுந்தது? தாரத்தில் உழையும், உழையில் குரலும், குரலில் இளியும், இளியில் துத்தமும், துத்தத்தில் விளரியும், விளரியில் கைக்கிளையும் பிறக்கும் என்பது பண்டைய முறை. ஒவ்வொன்றும் தன்னினின்று ஐந்தாம் நரம்பைப் பிறப்பிக்கிறது. நரம்பு ஒவ்வொன்றும் தன் அலகுகளின் இறுதியில் நிற்பதாகக் கொண்டு கூட்டிப் பார்த்தால், குரல் 4ஆம் அலகிலும், துத்தம் 8இலும், கைக்கிளை 11இலும், உழை 13இலும், இளி 17இலும், விளரி 20இலும், தாரம் 22இலும் அமையும். இப்போது பிறப்பு முறையை அளந்தால், குரலிலிருந்து இளிக்கு 13 அலகு, உழையிலிருந்து மேற்குரலுக்கும் 13, மற்றவையும் 13. துத்தத்திலிருந்து விளரிக்கு மட்டும் 12.

இவ்வோர் அலகுக் குறைவு எழுத்துப் பிழையன்று. நரம்பின் மூன்றில் இரண்டு பங்கை மீட்டினால் எழும் ஐந்தாம் நரம்பு 3:2 என்னும் விகிதத்தது. இவ்விகிதத்தாலேயே எல்லா நரம்புகளையும் பிறப்பித்துச் சென்றால், கைக்கிளை செவிக்கு இனிய 5:4 விகிதத்தைச் சற்றே தாண்டி நிற்கும். அத்தாண்டலின் அளவு 81:80. அதனைத் தாழ்த்திச் செவிக்கு இசைவாக்கினால் ஏதேனும் ஓரிடத்தில் ஐந்தாம் நரம்பு குறையத்தான் வேண்டும். யவன தேசத்து இசையறிஞர் எதிர்கொண்ட இடர்ப்பாடும் இதுவே. பண்டைத் தமிழர் அதனை மறைக்காமல், 22 என்னும் கணக்கிலேயே இடம் கொடுத்து வைத்தனர்.

20ஆம் நூற்றாண்டில் இக்கணக்கு பெரும் வாதத்துக்கு உள்ளாயிற்று. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகர’த்தில், ஒரு ஸ்தாயி 24 சம அலகுகளாகவே வகுக்கப்பட்டது என்றும், விளரியிலும் கைக்கிளையிலும் ஒவ்வோர் அலகு குறைத்து வாசித்ததாலேயே 22 என்னும் வழக்கு எழுந்தது என்றும் வாதித்தார். அவர் முறையில் ஐந்தாம் நரம்பு எங்கும் 14 அலகே. எந்த நரம்பைக் குரலாகக் கொண்டாலும் பாலை திரிவதில் தடையில்லை. சம வகுப்பின் நன்மை அது. ஆனால் 3:2 என்னும் விகிதத்தினின்று ஐந்தாம் நரம்பு இம்மியளவு விலகுதல் அதன் விலை. 1947இல் வெளிவந்த ‘யாழ் நூ’லில் விபுலாநந்த அடிகள் பழைய 22 அலகையே ஏற்று, விகிதங்களின் வழியே பாலைகளை விளக்கினார். இருவர் உழைப்பும் போற்றத்தக்கது. எனினும் இருவரும் அளந்தது யாழின் நரம்பை. அரையரின் மிடற்றை அன்று.

நம்மவர்க்கு இவ்விவாதம் ஏன் வேண்டும்? கைசிக மாஹாத்மியத்தை எண்ணினால் விளங்கும். திருக்குறுங்குடியில் நம்பாடுவான் வீணை கொண்டு நம்பியைப் பாடி வந்தான். பிரம்மராக்ஷஸன் அவனை உண்ணப் புகுந்து, பின் அவன் காலில் விழுந்து கேட்டது பொன்னோ பொருளோ அன்று; கைசிகப் பண்ணில் பாடிய பாட்டின் பலனை. அதைப் பெற்று உய்ந்தான். கார்த்திகை மாதத்துச் சுக்லபக்ஷ ஏகாதசியில் இன்றும் ஸந்நிதிகளில் இது வாசிக்கப்படுகிறது. கைசிகம் என்னும் பெயர் கேசம் என்னும் சொல்லடியாகப் பிறந்தது. மயிரிழை போன்ற நுண்மையுடைய ஸ்வரப் பிரயோகத்தைக் குறிப்பது என்பது பரதர் மதம். புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில் 7, 8ஆம் நூற்றாண்டு எழுத்தமைதியில் உள்ள இசைக் கல்வெட்டு, ஏழு கிராம ராகங்களுள் ஒன்றாகக் கைசிகத்தையும் ஸ்வரப்படுத்திக் காட்டுகிறது. அதில் ஸ்வரம் ஒவ்வொன்றும் அ, இ, உ, எ என்னும் உயிர்கள் ஏறி வேறுபடுகிறது. அவ்வேறுபாடு ஸ்ருதி பேதமா, மீட்டு முறையா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் மயிரிழை வேறுபாட்டைக் கல்லில் நிறுத்த ஒருவர் முயன்றார் என்பது மறுக்கவொண்ணாதது. ஒரு ஜீவனின் உய்வுக்குக் கருவியாக நம் ஸம்பிரதாயம் கூறும் பண், நுண்மைக்கே பெயர் பெற்ற பண்.

இனி, நம் பூர்வாசாரியர்கள் இந்நுண்மையை வியாக்கியானங்களில் ஏன் எழுதி வைக்கவில்லை என்பது அடுத்த வினா. அவர்கள் அரையர் சேவையைக் கூர்ந்து நோக்கியவர்களே. ஆளவந்தாரின் திருக்குமாரரான திருவரங்கப்பெருமாளரையர் எம்பெருமானாரின் ஆசாரியர்களுள் ஒருவர். பெரியாழ்வார் திருமொழியில் கண்ணன் அப்பூச்சி காட்டும் பதிகத்துக்கு அரையர் கண்ணிமையை மடித்து அபிநயிக்க, பின்னிருந்த எம்பார் சங்கு சக்கரங்களைத் தோளில் வைப்பதாகக் காட்டினார். அரையரும் அவ்வாறே அபிநயித்தார். உடையவர் எம்பாரைப் பாராட்டினார் என்பது பிரசித்தம். இதனால் ஒன்று தெளிவாகிறது. அபிநயம் பொருளைத் தருவதால் வியாக்கியானத்தில் இடம் பெற்றது. ஸ்வரம் பொருளை நேரே சொல்வதில்லை. ஆகவே அது அரையர் குடியின் நாவிலும் செவியிலும் விடப்பட்டது. ஏடுகளில் ‘முதிர்ந்த குறிஞ்சி’, ‘முதிர்ந்த இந்தளம்’ என்றாற்போலப் பண்ணின் பெயரும் தாளத்தின் பெயரும் மட்டும் எஞ்சின.

பெயர் எஞ்சிப் பண் மறைந்த இந்நிலையில் இரண்டு எல்லைகள் தவிர்க்கத்தக்கவை. அலகுக் கணக்கைக் கொண்டு நாதமுனிகளின் இசையை அப்படியே மீட்டுவிட்டோம் என்பது ஒன்று. அலகு நரம்பு நிற்கும் இடத்தைச் சொல்லும். ஒரு நரம்பினின்று மற்றொன்றுக்குச் செல்லும் அசைவையும், எங்கே தங்க வேண்டும் என்பதையும் சொல்லாது. அவை இன்றேல் பண் இல்லை. மற்றோர் எல்லை, ஸந்தை முறையில் ஓதும் இயலே போதும், இசை மிகை என்பது. பலச்ருதிப் பாசுரங்களிலே ஆழ்வார்கள் தாமே பண்ணையும் இசையையும் கூறியிருக்க, அது அவர்கள் திருவுள்ளத்துக்கு ஒவ்வாது. அரியக்குடி ராமாநுஜையங்கார் திருப்பாவைக்கு அமைத்த ராகங்கள் இல்லந்தோறும் ஆண்டாளைக் கொண்டு சேர்த்தன. அவற்றைப் புதிய கைங்கரியமாகப் போற்றுவோம். பழம்பண் என்று பெயரிடாதிருப்பதே அவர்க்கும் நாதமுனிகளுக்கும் செய்யும் மரியாதை.

எஞ்சிய இழை ஒன்றே. திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, மேல்கோட்டை ஆகிய தலங்களில் அரையர்கள் குழித்தாளம் ஒன்றையே துணையாகக் கொண்டு இன்றும் சேவிக்கின்றனர். சுரப்பெட்டியின் சம வகுப்பு அவர்கள் மிடற்றைக் கட்டுப்படுத்தவில்லை. அவர்கள் இசைக்கும் தானங்களை அவர்கள் அநுமதியோடு ஒலிப்பதிவு செய்து, ஒவ்வொரு தங்கலின் உயரத்தையும் கருவியால் அளந்து, ஏட்டிலுள்ள பண்ணின் பெயரோடும் 22 அலகோடும் ஒப்புநோக்க வேண்டும். ஒத்துவரின் மகிழ்வோம், ஒத்துவராவிடினும் உள்ளதை உள்ளபடி எழுதி வைப்போம். நெல்லையும் எண்ணெயையும் திருமுக்கூடல் கல்வெட்டுக்காரர் எவ்வளவு கருத்தோடு அளந்து வைத்தார்களோ, அக்கருத்தில் ஒரு பங்கு இதற்கும் வேண்டும். அரையர் குடிகளில் பயில்வோர் தொகை சுருங்கி வரும் இக்காலத்தில் இது தள்ளிப்போடத்தக்க பணியன்று.